எலைசா கால்டுவெல்லும் இடையன்குடி ரேந்தையும்: ஒரு காலக்கணக்குச் சிக்கல்

எலைசா மால்ட் 1822இல் பிறந்தார், 1899இல் இறந்தார். இந்த 77 ஆண்டுகளில் ஆயர் ராபர்ட் கால்டுவெல்லின் மனைவியாக அவர் வாழ்ந்தவை 47 (1844–1891). மீதமுள்ள 30 ஆண்டுகளுக்கு நம் ஆய்வுகளில் இடமில்லை. இந்த விடுபடலுக்கு ஒரு தொடக்கப்புள்ளி உண்டு. கால்டுவெல்லின் மருமகன் ஜே. எல். வயட் பதிப்பித்து 1894இல் சென்னையில் வெளிவந்த கால்டுவெல் நினைவுக்குறிப்பு நூலே அது.

வயட்டின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த நூல் இல்லையென்றால் கால்டுவெல் பணியாற்றிய இடையன்குடி பற்றிப் பாதி செய்தி நமக்குக் கிடைத்திராது. சிக்கல் நூலின் அடுக்கில் இருக்கிறது. ஆயர் சொல்கிறார், மருமகன் தொகுக்கிறார். எலைசா அந்த ஓட்டத்தில் திருமணத்தோடு நுழைந்து உதவியாளராகத் தங்கிவிடுகிறார். அப்படிப் பார்த்தால் இடையன்குடியின் பெண்கள் விடுதிப் பள்ளியும் ரேந்தை (லேஸ்) வேலையும் ஆயரின் பணித்திட்டத்தில் ஒரு கிளையாகிவிடும். நூல் அச்சேறியபோது எலைசா உயிரோடு இருந்தார், தமிழ் அவருக்குக் குழந்தைப் பருவத்து மொழி, பதிப்பாசிரியரோ அவருடைய மகளின் கணவர். இவ்வளவு அருகில் இருந்தும் அவருக்கென்று ஒரு நினைவுக்குறிப்பு தொகுக்கப்படவில்லை. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘கால்டுவெல் ஐயர் சரிதம்’ ஐயரை மையமாக வைத்ததில் வியப்பில்லை. அதன் நோக்கமே அது. ஆனால் பெண்களின் வேலை குறித்து எழுதுவோரும் வயட் போட்ட பாதையிலேயே நடப்பதை ஏற்க முடியவில்லை.

என் மறுப்பு இது: ரேந்தை இடையன்குடிக்கு வந்தது எந்த மிஷனின் திட்டப்படியும் அல்ல, ஒரு திருமணத்தின் வழியாக. எலைசாவின் தாய்வீடு இருந்த நாகர்கோவில் லண்டன் மிஷனரி சங்கத்தின் களம். இடையன்குடி எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தின் களம். கால்டுவெல்லே 1838இல் லண்டன் சங்கத்துக்காகச் சென்னை வந்து, 1841இல் ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு மாறி, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடி சேர்ந்தவர். இரண்டு சங்கங்களுக்கும் பொதுவான கணக்குப் புத்தகம் கிடையாது. தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் கற்பித்த கைவேலை, மகள் எலைசாவின் கையோடு எல்லை தாண்டியது என்பதே எளிய விளக்கம்.

இங்கே ஒரு தடை வருகிறது. நாகர்கோவிலில் ரேந்தையைத் தொடங்கியவர் மார்த்தா மால்ட்தானா? ஒரு மரபு அவரைச் சொல்கிறது. இன்னொரு மரபு நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மீடின் இரண்டாம் மனைவி, தஞ்சை மிஷனரி ஹோர்ஸ்டின் மகள் ஜொஹானாவைச் சொல்கிறது. இப்போது டதி பள்ளி என அறியப்படும் பெண்கள் பள்ளிக்கு 1819 என்றும், ரேந்தைக்கு 1821 என்றும் ஆண்டுகள் வழங்குகின்றன. மால்ட் தம்பதியர் நாகர்கோவில் வந்ததே 1819இன் கடைசியில்தான். ஆகவே பள்ளி உண்மையில் 1819இல் தொடங்கியிருந்தால், முதல் கை ஜொஹானாவுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1821 என்ற ஆண்டு ரேந்தைக்கு மட்டும் உரியதானால் மார்த்தாவின் பக்கம் வலுக்கிறது. பள்ளியின் தொடக்கத்தையும் ரேந்தையின் தொடக்கத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் இரு பெண்களும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள் என்று நினைக்கிறேன். பள்ளி ஜொஹானாவுடையது, ரேந்தை மார்த்தாவுடையது என்று பிரிப்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் ஆண்டை உறுதி செய்ய இது போதாது; 1819க்கும் 1821க்கும் இடையே விட்டுவைப்பதே நேர்மை.

நாகர்கோவிலின் ரேந்தை வேலை வெறும் பொழுதுபோக்கும் அல்ல. ரேந்தை விற்ற பணத்தில் சில சிறுமிகள் அடிமைநிலையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்டதாக மிஷன் எழுத்துகள் கூறுகின்றன. நாகர்கோவில் அப்போது இருந்த திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை நினைவில் வைத்தால் அந்தக் காசின் எடை புரியும்.

இடையன்குடிக்கு வந்ததும் சூழல் மாறுகிறது. தேரி மணல், பனங்காடு. பதநீர்ப் பருவத்தில் ஆண்கள் பனையேற, பெண்கள் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். புகையும் பாகும் படிந்த கையால் வெள்ளை நூலைத் தொட முடியாது. எனவே ரேந்தை வீட்டு வேலையாகப் பரவுவதற்கு முன் விடுதிச் சிறுமிகளின் வேலையாகவே நின்றிருக்க வேண்டும். ஆவணம் இல்லாத ஊகம் இது, என்றாலும் வலியுறுத்துகிறேன். திண்டில் ஊசி குத்தி, நூற்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேலைக்கு நாள் முழுதும் தூசி படாத இடம் வேண்டும். அன்றைய இடையன்குடியில் அந்த இடத்தை எளிதில் தரக்கூடியது விடுதிப் பள்ளிதான். அதன் பொறுப்பு எலைசாவிடம் இருந்தது.

1849இல் கால்டுவெல் பனையேறும் சமூகமான சாணார்களைப் பற்றி வெளியிட்ட சிறுநூல் அச்சமூகத்தைப் புண்படுத்தியதும், அச்சமூகத்தைச் சேர்ந்த சட்டம்பிள்ளை எதிர்த்து எழுந்து 1857இல் தனிச்சபை கண்டதும் அறிந்த கதை. அந்தச் சமூகத்துப் பெண்பிள்ளைகளோடு தினமும் தமிழில் பேசிப் பழகியவர் எலைசா. ஆயரின் நூலை வைத்து எலைசாவின் பார்வையையும் அளந்துவிடுவது வயட்டின் அடுக்கு நமக்கு விட்டுச்சென்ற பழக்கம்.

1883இல் சாயர்புரத்துக் கல்வி நிறுவனம் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டுக் கால்டுவெல் கல்லூரியானபோது எலைசாவுக்கு வயது 61. கல்லூரிக்குக் கணவரின் பெயர் நின்றது. 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்த ஆயர் இடையன்குடியில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் எலைசாவும் அங்கேயே. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் சிலை எழுந்தது ஆயருக்கு.

நாகர்கோவிலையும் இடையன்குடியையும் இணைக்கும் நேரடிச் சான்று எழுத்தில் கிடைக்காமல் போகலாம், கைவேலையில் கிடைக்கலாம். திண்டு ரேந்தைக்கு ஊசித்துளையிட்ட அட்டை வேண்டும். ஒருவர் அட்டையைப் பார்த்து இன்னொருவர் துளையிட்டு எடுப்பதால் வடிவம் கைமாறிக் கைமாறிச் செல்லும். இரண்டு ஊர்களின் அட்டைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் என் கூற்று நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும். பாட்டியின் பெட்டியில் பழைய ரேந்தைத் துண்டோ துளை அட்டையோ இருந்தால், துவைக்காமல், ஒட்டாமல், எந்த ஊர், யார் கை என்று ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள்.