ஊர் கூடி மூட்டிய அடுப்பு

கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே வளாகத்தில் அருகருகே நிற்பது நம் பங்குகளில் பழகிய காட்சி. கோயில் எழும்பிய வரலாறு யூபிலி மலர்களில் தவறாது இடம்பெறும். பள்ளிக்கூடத்து அடுப்பின் வரலாற்றை நாம் அவ்வளவாக எழுதி வைப்பதில்லை. ஆயினும், தலைவர்களும் அதிகாரிகளும் ஊர் மக்களும் கைகோத்தால் ஒரு பொதுப்பணி எவ்வளவு தூரம் உயரும் என்பதற்கு அந்த அடுப்பே தக்க சான்று.

தொடக்கமும் தடையும்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு தரும் எண்ணம் சென்னை மாநகராட்சியில் பிறந்தது. சர் பிட்டி. தியாகராயர் அதன் தலைவராயிருந்த 1920ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தனர். வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிட அன்றைய அரசு இசையாமையால் 1925இல் தடைப்பட்டது. ஒரு கையெழுத்தில் மட்டும் நிற்கும் நற்பணியை மற்றொரு கையெழுத்து நிறுத்திவிடும் என்பதை அந்த அனுபவம் காட்டிற்று.

இரு தலைவர்கள்

1954இல் திரு. காமராசர் முதலமைச்சரானார். அதே ஆண்டில் காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தைச் சேர்ந்த திரு. நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநரானார். முன்னவர் வறுமையால் பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். பின்னவர் கிராமப் பள்ளிகளின் நிலையை நேரில் அறிந்த அதிகாரி. மாடு மேய்த்த சிறுவனிடம் காமராசர் பேசிய கதை நாம் எல்லோரும் கேட்டதுதான். ஆனால் கதைக்குப் பின்னே நடந்த வேலைதான் நமக்குப் பாடமாகும்.

அரசின் கருவூலத்தில் பணம் குறைவு. பிள்ளைகளின் பசியோ காத்திராது. ஆகவே அரசாணைக்குக் காத்திராமல், ஊராரிடமே சென்று கேட்பதென முடிவாயிற்று. நெல்லைச் சீமையில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் 1956இல் பகலுணவு தொடங்கியது. நிலமுடையோர் நெல் தந்தனர். வணிகர் பருப்பும் பணமும் தந்தனர். இல்லாதவர் பிடியரிசி தந்தனர்.

நான்கு காசு

ஊர்கள் முன்வந்ததைக் கண்டபின், 1957 நவம்பர் முதல் அரசும் தன் பங்கைத் தரலாயிற்று. ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்கு 10 காசு என்பது கணக்கு. அதில் 6 காசு அரசினுடையது. 4 காசு ஊருடையது. ஆண்டுக்கு 200 நாள் உணவு. இந்த நான்கு காசின் பொருள் பெரிது. கொடுத்தவனுக்குக் கேட்கும் உரிமை வந்தது. அரிசி நல்லதா, குழம்பில் பருப்பு உண்டா, எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று ஊரே விசாரித்தது.

இன்னொன்றையும் நாம் மறக்கலாகாது. இதே நெல்லைச் சீமையில்தான் 1925இல் சேரன்மாதேவி குருகுலத்துத் தனிப் பந்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. முப்பது ஆண்டுகள் கழித்து அம்மண்ணிலேயே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். எங்கும் எளிதில் நடந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அரசும் ஊரும் சேர்ந்து போட்ட பந்தியானபடியால் அதை மறுப்பது கடினமாயிற்று.

உணவோடு நின்றுவிடவில்லை. 1958இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு தொடங்கி, மாவட்டந்தோறும் பரவியது. அதன் முறை எளியது. தலைமையாசிரியர்கள் தம் பள்ளிக்கு வேண்டியவற்றைப் பட்டியலிடுவர்: பலகை, கடிகாரம், குடிநீர்த் தொட்டி, மேற்கூரை, சீருடை. ஊரார் அவற்றைத் தமக்குள் பங்கிட்டு ஏற்பர். மாநாட்டு மேடையில் கொடையாளர் பெயர் அறிவிக்கப்படும். முதலமைச்சர் வந்து கைகூப்புவார். அமைச்சர் முன்னிலையில் ஏழை விவசாயி ஒரு நாற்காலி கொடுத்தாலும் அது கொடையே.

குறையும் உண்டு

வரலாறு எழுதுகிறபோது நிறையை மட்டும் எழுதுவது முறையன்று. நான்கு காசு திரட்டும் பாரம் பெரும்பாலும் ஆசிரியர் தோளில் விழுந்தது. மழை பொய்த்த ஆண்டில் கொடையும் பொய்த்தது. எந்த ஊரில் பசி மிகுதியோ அந்த ஊரில்தான் கொடுக்கும் கை குறைவு. 1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியே அமெரிக்காவிலிருந்து பால் பொடி, எண்ணெய் முதலியன வந்து துணைநின்றன. ஊர்க் கொடை எவ்வளவு உயர்ந்ததாயினும், அதை மட்டும் நம்பி ஒரு குழந்தையின் சோற்றை விடலாகாது. இதை உணர்ந்தே 1982 சூலை முதல் நாள் திரு. எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, முழுச் செலவையும் அரசே ஏற்கச் செய்தார். 2001இல் உச்ச நீதிமன்றம் சமைத்த உணவை நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் தர ஆணையிட்டது. கொடையாகத் தொடங்கியது உரிமையாயிற்று.

2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. 2024 சூலை 15, காமராசர் பிறந்த நாளன்று, ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தொடக்க விழா நடந்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. முதல் சீரமைப்பு மாநாடு கண்ட கடம்பத்தூரும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

நமக்குள்ள கடமை

இன்று யாரும் நம்மிடம் நான்கு காசு கேட்பதில்லை. அது நல்லதே. ஆனால் காசோடு கவனிப்பும் போய்விட்டதோ என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கே அளித்திருக்கிறது. பாதி இடம் பெண்களுக்கு. கையொப்பமிட்டுக் கலைவதற்காகவா அந்த இடம்? மாதம் ஒருமுறை பிள்ளைகளோடு அமர்ந்து அந்தச் சோற்றை உண்டு பார்ப்போம். வராத பிள்ளையின் வீட்டுப் படியேறி விசாரிப்போம். பாத்திரம் பழுதானால் அரசுக்கு எழுதுவோம். பதில் வரும்வரை நாமே ஒன்று வாங்கி வைப்போம்.

தேர்த் திருநாளில் தேரை ஒருவர் இழுப்பதில்லை. வடத்தைப் பிடிக்க ஊரே வருகிறது. பள்ளிக்கூடத்து அடுப்புக்கும் அதே கைகள் வேண்டும். முன்னோர் பிடியரிசியால் காத்ததை நாம் கண்காணிப்பால் காப்போமாக.