திட்டப்பணியில் மாற்றக் கோரிக்கை

ஒரு பணிக்கு வரைபடமும் மதிப்பீடும் முடிவாகி, ஒப்பந்தமும் கையெழுத்தான பிறகு, அதன் அளவையோ பொருளையோ வடிவத்தையோ கெடுவையோ மாற்றும்படி கேட்பது மாற்றக் கோரிக்கை எனப்படும். வீடு, சாலை, ஏரி, மென்பொருள் என எந்தப் பணியிலும் இது எழும். மாற்றம் கேட்பது தவறன்று. வாயால் சொல்லி, எழுதாமல் செய்து, முடிவில் கணக்குப் பார்க்கும்போதுதான் பெரும்பாலான தகராறுகள் வருகின்றன. என்ன மாறுகிறது, எவ்வளவு செலவு, எத்தனை நாள், யார் ஒப்புதல் தந்தார் என்னும் நான்கு கேள்விகளுக்கும் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் விடை பெறுவதுதான் மாற்றக் கோரிக்கையைக் கையாளும் முறையின் சாரம்.

சொல்வழக்கு

கட்டட வேலை நடக்கும் இடங்களில் இது பொதுவாக ‘எக்ஸ்ட்ரா வேலை’ எனப்படுகிறது. அரசு ஒப்பந்தங்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கின்றன. ஒப்பந்தத்தில் உள்ள வேலையே கூடினாலும் குறைந்தாலும் அது விலகல். ஒப்பந்தத்தில் இல்லாத புது வேலை கூடுதல் இனம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் செய்வது மாற்று இனம். ஒவ்வொன்றுக்கும் விலை கணக்கிடும் வழி வேறு என்பதால், வந்திருக்கும் கோரிக்கை எந்த வகை என்று அறிவதே முதல் வேலை.

மாற்றம் எழும் காரணங்கள்

பல மாற்றங்களை மண் கொண்டுவருகிறது. அடித்தளத்துக்கு வானம் தோண்டிய பிறகுதான் அடியில் இருப்பது கெட்டி மண்ணா, களிமண்ணா, ஊற்றா என்று உறுதியாகத் தெரியும். அடுத்து வருவது வரைபடப் பிழை. மின் பைப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் ஒரே சுவரில் ஒரே இடம் காட்டப்பட்டிருக்கும். மூன்றாவது, பயன்படுத்துவோரின் தேவை. தாளில் பார்த்தபோது போதுமென்று தோன்றிய சமையலறை, சுவர் எழுந்ததும் இருட்டாகத் தெரியும். பொருள் கிடைக்காமை, சட்டத் திருத்தம், நீதிமன்ற ஆணை ஆகியவையும் காரணங்களாகும்.

கோரிக்கை கடக்கும் படிகள்

முதலில் கோரிக்கையைத் தேதியுடன் எழுத வேண்டும். அடுத்து, அது தொடும் மற்ற வேலைகளையெல்லாம் பார்க்க வேண்டும். ஒரு கதவை இரண்டடி நகர்த்தினால் அதன் மேலுள்ள லிண்டல், பக்கத்து சுவிட்ச் பலகை, வெளியே உள்ள படி எல்லாமே நகரும். அதன் பிறகே செலவும் நாளும் கணக்கிட முடியும். முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்பது ஒப்பந்தத்திலேயே தெளிவாக இருக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் எழுத்தில் ஆணை, மறுத்தால் காரணத்துடன் பதில். ஆணை வந்ததும் வரைபடத்தைத் திருத்தி, பழைய நகல்களை வேலையிடத்திலிருந்து அகற்ற வேண்டும். பழைய வரைபடம் கொத்தனார் கையில் இருக்கும்வரை மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை என்றே பொருள்.

அரசுப் பணிகளில்

புதுச்சேரி பொதுப்பணித் துறை, மத்தியப் பொதுப்பணித் துறையின் நடைமுறைகளையும் ஒப்பந்தப் படிவங்களையும் பின்பற்றுகிறது. மத்தியத் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் 12ஆம் பிரிவு மாற்றங்களுக்கு உரியது. பணிப் பொறுப்புப் பொறியாளர் வேலையைக் கூட்டவும் குறைக்கவும் மாற்றவும் ஆணையிடலாம். ஒப்பந்ததாரர் அதைச் செய்யக் கடமைப்பட்டவர். அதற்குரிய விலையும் காலமும் பெற உரிமை உள்ளவர்.

காலத்துக்கு இப்பிரிவு ஒரு சூத்திரம் தருகிறது. கூடுதல் செலவு, மூல ஒப்பந்தத் தொகையில் எத்தனை பங்கோ, ஒப்பந்தக் காலத்தில் அத்தனை பங்கு. அப்படி வந்த நாளில் மேலும் 25 விழுக்காடு. தேவையானால் பொறியாளர் இன்னும் கூட்டித் தரலாம். 40 லட்சம் ரூபாய்க்கு 240 நாளில் முடிக்க வேண்டிய வேலையில் 4 லட்சம் ரூபாய் வேலை கூடியதாக வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு என்பதால் 24 நாள், அதன் கால் பங்கு 6 நாள், ஆக 30 நாள் நீட்டிப்பு.

இப்பிரிவின் முந்தைய வடிவத்தில், மாற்று இனத்துக்கான விலையில் ஒரு நியாயம் பொதிந்திருந்தது. சதுர மீட்டருக்கு 900 ரூபாய் என ஒப்பந்தமான தரை ஓட்டின் சந்தை விலை 1,000 ரூபாய். அதற்குப் பதில் போடச் சொன்ன ஓட்டின் சந்தை விலை 1,250 ரூபாய் எனக் கொள்வோம். தர வேண்டியது 1,250 அன்று. இரு சந்தை விலைகளுக்கும் உள்ள வேறுபாடான 250ஐ 900உடன் கூட்டினால் வரும் 1,150 ரூபாய்தான். முதலில் பேசிய பேரம் மாற்றத்தால் கலையாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அதே வடிவத்தில், கூடுதல் இனத்துக்கு ஒப்பந்ததாரர், ஆணை பெற்ற 15 நாளுக்குள் விலைப் பகுப்பாய்வுடன் தம் விலையைக் கேட்க வேண்டியிருந்தது.

மத்திய அரசின் பொது நிதி விதிகளும் ஒரு வேலி போடுகின்றன. ஒரு பணியில் மிச்சமாகும் பணத்தை, தனி அனுமதியின்றி, அப்பணியில் முதலில் திட்டமிடாத புது வேலைக்குச் செலவிடக் கூடாது. நடுவில் சேர்க்கும் தனி வளர்ச்சிக்குத் துணை மதிப்பீடு தேவை. பணம் மக்களுடையது என்பதால் இதனால் வரும் தாமதம் பொறுக்கத் தக்கது.

மடுகரைச் சூழலில்

மடுகரை, புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள ஊர். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல் தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையிடையே சிதறிக் கிடப்பதால், இங்கே ஒரு சாலையையோ வாய்க்காலையோ சற்றே நீட்டச் சொல்லும் கோரிக்கை, இன்னோர் அரசின் எல்லைக்குள் போய் நிற்கக்கூடும். புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தரும் பங்காரு வாய்க்கால், தமிழ்நாட்டில் தென்பெண்ணையின் குறுக்கேயுள்ள சொர்ணாவூர் அணைக்கட்டில் தொடங்குகிறது. வாய்க்கால் தொடங்கும் அந்த இடத்தில் மாற்றம் வேண்டுமென்றால் இரு பக்கமும் இசைய வேண்டும்.

புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளுக்காக ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் 1999இல் தொடங்கிய ஏரி மறுசீரமைப்புத் திட்டத்தில் ஏரிப் பயனாளர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. எந்த மதகு கசியும், எந்தப் பக்கம் வண்டல் அதிகம் என்பது அங்கே பாசனம் செய்வோருக்குத் தெரியும். அவர்களை மதிப்பீடு போடும்போதே கேட்டுவிட்டால், பின்னால் வரும் கோரிக்கைகளில் பல எழாமலே போகும்.

வீட்டு வேலையில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒற்றைத் தாள். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முன்பணம் கொடுத்தாகிவிடும். சுவர் இடுப்பளவு எழுந்ததும் வீட்டம்மா வந்து பார்த்து, “மேஸ்திரி, கெழக்கால ஒரு ஜன்னல் வெச்சா வெளிச்சமா இருக்குமே” என்பார். “வெச்சிடலாம்மா” என்பார் அவரும். அந்த நிலையில் சில வரிசைக் கல்லை எடுத்தால் போதும். லிண்டல் போட்ட பிறகு என்றால் சுவரை உடைத்துப் புது லிண்டல் ஊற்ற வேண்டும். பூச்சு முடிந்த பிறகு என்றால் பூச்சும் பெயிண்டும், சில நேரம் மின் பைப்பும் சேர்ந்து போகும். ஜன்னல் ஒன்றுதான், விலை மூன்று. நாற்பது பக்க நோட்டில் தேதி, வேலை, தொகை, நாள், இரண்டு கையெழுத்து என ஒரு வரி எழுதினால், புதுமனை புகுவிழா அன்றும் இருவரும் முகம் பார்த்துப் பேசலாம். அந்த ஒரு வரி நம்பிக்கையின்மைக்கு அடையாளமன்று. உறவைக் காக்கும் ஏற்பாடு.

மென்பொருளில்

கண்ணுக்குத் தெரியும் சுவர் இல்லாததால் மென்பொருளில் மாற்றம் இலவசம் போலத் தோன்றும். ஆனால் காலம் தாழ்ந்து செய்யும் திருத்தம் பன்மடங்கு செலவாகும் என்பதை அமெரிக்க மென்பொருள் பொறியியலாளர் பேரி போம் 1981இல் வெளியிட்ட மென்பொருள் பொறியியல் பொருளாதார நூலில் வலியுறுத்தினார். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கை, திட்டத்தைப் பிடித்துக்கொள்வதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை மேலாக வைத்தது. அந்த அறிக்கையைப் பின்பற்றும் அஜைல் முறையில் வேலை சில வாரத் துண்டுகளாகப் பிரியும். புதுக் கோரிக்கை வரிசையில் சேர்ந்து, முன்னுரிமைப்படி அடுத்த துண்டில் இடம்பெறும். மாற்றம் இங்கே வரவேற்கப்படுகிறது, ஆனால் வரிசையைத் தாண்டி வர முடியாது.

காலம் கடந்த மாற்றங்கள்

சிட்னி இசைநாடக அரங்கத்தின் கட்டுமானம், கூரையின் வடிவமைப்பு முடிவாகும் முன்பே 1959இல் தொடங்கியது. கூரையின் பாரத்தைத் தாங்காத அடித்தளத் தூண்களைப் பிறகு அகற்றிப் புதிதாகக் கட்ட நேர்ந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட பணி, 10 கோடியே 20 லட்சம் டாலரில் 1973இல் முடிந்தது. சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்குமாக எழுப்பி 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட கட்டடத்தை மருத்துவமனையாக்கும் முடிவு 2011இல் அறிவிக்கப்பட்டது. மருத்துவமனை 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் மாறியது பயன் மட்டும்தான். ஆனால் பயன் மாறும்போது தண்ணீர், கழிவு, காற்று, மின்சாரம் ஆகிய எல்லாவற்றின் கணக்கும் மாறுகிறது.

பதிவின் பயன்

பணி முடிந்ததும் எல்லா மாற்றங்களையும் சேர்த்து, கட்டியது கட்டியபடி ஒரு முடிவு வரைபடம் வரைந்து வைக்க வேண்டும். பில் பாஸானதும் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்து, கசியும் குழாயைத் தேடிச் சுவரில் உளியை வைக்கும் பிளம்பருக்கு, அந்தக் குழாய் எந்தப் பக்கம் திருப்பப்பட்டது என்று சொல்ல வேறு சாட்சி இருக்காது.