ஒழுகிய வாயு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுவிட்டால், எங்கள் ஊரார் அனைவரும் வானிலை ஆராய்ச்சியாளர்களாகிவிடுவர். எத்தனையாம் எண் கூண்டு, காற்று எந்தத் திசை, மேகம் என்ன நிறம் என்பவையே அன்றைய பேச்சு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ‘தானே’ புயல் எங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த பிறகு, அந்தப் பேச்சில் அச்சமும் கலந்துவிட்டது. இப்படி வானத்தையே பார்த்திருக்கும் எங்களுக்கு, பக்கத்துச் சிதம்பரத்தில் படித்த ஒருவர் வளிமண்டலத்தைப் பற்றிய உலகத்தின் எண்ணத்தை மாற்றியமைத்தவர் என்பது நெடுநாள் தெரியாது.

அவரை எனக்கு நினைவூட்டியவன் என் மாணவன் ஒருவன். ஒரு நாள் கையில் நீண்ட பட்டியலொன்றோடு வந்தான். வீரபத்திரன் ராமநாதன் என்னும் விஞ்ஞானி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளின் பட்டியல் அது. “ஐயா, இவர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-இல் பொறியியல் பட்டம் பெற்றவராம். எத்தனை கட்டுரைகள், பாருங்கள்!” என்றான். எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தான். எண்ணியது போதும், நான்கைந்தைத் தேர்ந்தெடுத்துப் படிப்போம் என்றேன். அன்று அவனுக்குச் சொன்னவற்றையே இன்று உங்களுக்கும் சொல்லுகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதே துறையில் புகழ்பெற்ற மற்றொரு ராமநாதனும் உண்டு. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்து, ஓசோன் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற கே. ஆர். ராமநாதன் அவர். இருவரையும் ஒருவராக்கிவிடலாகாது.

நம்மவர் 1944-இல் சென்னையில் பிறந்தவர். பதினொன்றாம் வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் படித்துவந்த சிறுவனுக்கு அது விளங்கவில்லை. ஆசிரியர் சொல்வதைக் கேட்பதை விட்டு, எதையும் தாமே முயன்று அறியும் பழக்கம் தமக்கு அப்போதுதான் வந்தது என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். ஆசிரியனாகிய எனக்கு இது சற்றுக் கசப்பான செய்திதான்.

சிதம்பரத்தில் பட்டம் பெற்றபின் செகந்தராபாத்தில் குளிர்பதனப் பெட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு அமர்ந்தார். பெட்டியில் அடைத்த வாயு ஏன் இவ்வளவு விரைவில் ஒழுகிப்போகிறது என்று கண்டறிவதே அவர் பணி. அந்த வாயுவுக்குக் குளோரோ புளோரோ கார்பன் என்று பெயர். மணமில்லாதது, தீப்பற்றாதது. என் இளமையில் எங்கள் தெருவில் பெட்டியைப் பழுதுபார்க்க வருபவர் குழாயைத் திறந்துவிடுவார், ‘புஸ்’ என்று ஓசை கேட்கும், அவ்வளவுதான். அது எங்கே போகிறது என்று நாங்கள் எவரும் கேட்டதில்லை.

அந்த வேலை அவர் மனத்துக்கு இசையவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து, 1970-இல் அடுத்த பட்டத்தையும் பெற்று, அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பொறியியல் ஆராய்ச்சி செய்யப் போனவரை, பேராசிரியர் ராபர்ட் செஸ், வெள்ளி, செவ்வாய் ஆகிய கோள்களின் காற்று மண்டலத்தை ஆராயும்படி திருப்பிவிட்டார். குளிர்பதனப் பெட்டி எங்கே, வெள்ளிக் கோள் எங்கே! ஆயினும் இந்த இரண்டு அனுபவமும் ஒருவரிடத்தில் சேர்ந்ததால்தான் அடுத்தது நிகழ்ந்தது.

1974-இல் மொலினா, ரோலண்டு என்னும் இருவர், ஒழுகிய அந்த வாயு மேலே சென்று ஓசோன் படலத்தை அரிக்கக்கூடும் என்று எழுதினர். அப்போது நாஸாவின் லாங்லி ஆராய்ச்சி நிலையத்திலிருந்த ராமநாதன் வேறொரு வினாவை எழுப்பினார்: இவ்வாயு வெப்பத்தை என்ன செய்யும்?

வெயிலால் சூடேறிய நிலம், அவ்வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. நீராவியும் கரியமிலவாயுவும் அவற்றில் பலவற்றை வழியில் மறித்துக்கொள்கின்றன. ஆனால் ஏறத்தாழ 8 முதல் 12 மைக்ரான் வரை அலைநீளமுள்ள கதிர்களைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. கதவுகளெல்லாம் அடைத்த வீட்டில் ஒரு சாளரம் மட்டும் திறந்திருப்பது போன்றது இது. குளிர்பதன வாயு வந்து நிற்பது அந்தச் சாளரத்தில்! ஆகவே அதன் ஒரு மூலக்கூறு, கரியமிலவாயுவின் பதினாயிரம் மூலக்கூறுகளுக்கு மேலான வேலையைச் செய்துவிடுகிறது. 1975 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் இக்கட்டுரை வெளிவந்தது. மொத்தம் மூன்று பக்கம். மனிதனால் வரும் வெப்பத்துக்குக் கரியமிலவாயு ஒன்றையே காரணமாகக் கருதி வந்த காலம் அது. பத்தாண்டு கழித்து, 1985-இல் மூவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில், மீத்தேன் முதலிய சிறு வாயுக்கள் கூட்டாகக் கரியமிலவாயுவுக்கு நிகரான விளைவைத் தரக்கூடும் என்று காட்டினார். 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை அந்தக் குளிர்பதன வாயுக்களைக் கட்டுப்படுத்தியது ஓசோனைக் காப்பதற்காக. ஆயினும் அதனால் பூமியின் வெப்பமும் ஓரளவு தணிந்தது. மாற்றாக வந்த வாயுக்களும் வெப்பத்தைப் பிடிப்பவையே என்பதால், 2016-இல் கிகாலியில் மீண்டும் கூடி அவற்றையும் குறைக்க இசைந்தார்கள்.

பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தது 1980-ஆம் ஆண்டுக் கட்டுரை. ரோலண்டு மேடன் என்பவருடன் எழுதியது. வெப்பநிலை ஆண்டுக்காண்டு ஏறியும் இறங்கியும் ஆடுவது இயல்பு. அந்த ஆட்டத்தை மீறி, கரியமிலவாயுவின் விளைவு ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டுக்குள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று கணக்கிட்டனர். தெரியாமற்போனால் கணக்கு பிழை என்று ஊரறியத் தீர்ப்பாகியிருக்கும். தம் வாழ்நாளிலேயே சோதிக்கத்தக்க ஒரு தேதியை அச்சில் ஏற்றத் துணிவு வேண்டும். 2001-இல் பன்னாட்டு அறிஞர் குழு, கடந்த ஐம்பதாண்டு வெப்ப உயர்வின் பெரும்பகுதி மனிதர் வெளியிட்ட வாயுக்களால் வந்திருக்கக்கூடும் என்று அறிவித்தது.

மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்று செயற்கைக் கோள் அளவைகளைக் கொண்டு 1989-இல் காட்டியதும் பெரிய செய்தியே. அதற்கு ஒரு தனிப் பேச்சு வேண்டும். நமக்கு நெருக்கமானது அதன்பின் வந்தது.

1999-இல் பால் குரூட்சனும் இவரும் முன்னின்று, பல நாட்டு விஞ்ஞானிகளைத் திரட்டி, இந்தியப் பெருங்கடல் ஆய்வை நடத்தினர். மாலத்தீவு அதன் பாசறை. நம் நாட்டுச் ‘சாகர் கன்யா’ கப்பலும் பங்கேற்றது. தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று, தெற்காசியாவின் புகையைக் கடல் மீது கொண்டுபோய்ப் பரப்புகிறது. அரபிக் கடலிலும் நம் வங்கக் கடலிலும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தடிப்பில் பழுப்பு நிற மூட்டம் நின்றது. ஆலைப் புகை, வண்டிப் புகை, விறகடுப்பின் கரி யாவும் அதில் இருந்தன. கடற்பரப்பை எட்டும் வெயிலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது குறைத்துவிடுகிறது. வெயில் குறைந்தால் கடல்நீர் ஆவியாவதும் குறையும், பருவமழை தளரும். இம்மூட்டமும் பூமியின் வெப்பமும் சேர்ந்து இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்திருக்கின்றன என்று 2006-இல் இவரும் இருவரும் கணக்கிட்டு எழுதினர். வீராணம் ஏரி நிறையுமா என்று பார்த்திருக்கும் சிதம்பரத்து உழவருக்கு இது தொலைதூரத்துச் செய்தி அன்று.

அதே 2006-இல், ஆளில்லாத சிறு விமானங்கள் மூன்றை, மூட்டத்தின் மேலே ஒன்று, உள்ளே ஒன்று, கீழே ஒன்று என ஒரே நேரத்தில் பறக்கவிட்டு அளந்தார். கரித்துகள் நிலத்துக்கு நிழல் தந்தாலும், தான் நிற்கும் காற்றைச் சூடாக்குகிறது என்பது உறுதியாயிற்று. இதில் ஒரு தருமசங்கடமும் உண்டு. புகையிலுள்ள வேறு சில துகள்கள் வெயிலைத் திருப்பியனுப்பி, வாயுக்களால் வரும் வெப்பத்தின் ஒரு பகுதியை மறைத்து வைத்திருக்கின்றன. அவற்றை மட்டும் நீக்கினால் மறைந்த வெப்பம் வெளிப்பட்டுவிடும். கரியையும் வாயுக்களையும் சேர்த்தே குறைக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்துவது இதனால்தான். சிற்றூர் அடுப்புகளை மாற்றும் ‘சூர்யா’ என்னும் திட்டத்தையும் தொடங்கினார். குளிர்பதனப் பெட்டியில் தொடங்கிய ஆராய்ச்சி, வெள்ளிக் கோள் வரை போய்ச் சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

இவ்வளவும் பேசி முடித்த பின்னொரு நாள், அம்மாணவனும் நானும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். வெள்ளாற்றின் மேல் மங்கலாக ஏதோ படர்ந்திருந்தது. “இது பனியா ஐயா, புகையா?” என்றான். எனக்கும் தெரியவில்லை. பையிலிருந்து 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையின் படியை எடுத்துக் கொடுத்தேன். “மூன்று பக்கந்தானே, வீடு சேர்வதற்குள் முடித்துவிடுகிறேன்” என்று தொடங்கினான். கடலூர்த் துறைமுகச் சந்திப்பு வந்தபோது, விரல் வைத்தபடி, முதல் பக்கத்திலேயே இருந்தான்.