தொடக்கப் பள்ளியும் விளையாட்டு மானியமும்: ஒரு வரலாற்று நோக்கு

உவகைக்கு நிலைக்களன் நான்கு வகுத்த தொல்காப்பியர், செல்வத்தோடு விளையாட்டையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அவ்விரண்டும் அரசினர் தொடக்கப் பள்ளியில் எவ்வளவு இயைந்தன என்பதை, விடுதலைக்குப் பிற்பட்ட இந்தியக் கல்வி வரலாற்றின்வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடற்கல்வி ஆசிரியரைப் பயிற்றும் முயற்சி விடுதலைக்கு முன்னரே தோன்றிவிட்டது. 1920இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இதற்குச் சான்று. விடுதலைக்குப் பின்னர், 1954இல் அகதிகளின் பிள்ளைகளை நெறிப்படுத்தும் பொருட்டு ஜே. கே. போன்ஸ்லே அவர்களின் முயற்சியால் தேசிய ஒழுங்குத் திட்டம் எழுந்தது. 1956இல் தேசிய உடற்கல்வித் திட்டம் வெளிவந்தது. தனித்தனியே நடந்த முயற்சிகளை ஒருங்கிணைக்கும் வழிகாண 1959இல் எச். என். குன்சுரு தலைமையில் குழு அமைந்தது. அதன் பயனாக 1965இல் தேசிய உடல்திறப் படை உருவாயிற்று.

இத்திட்டங்களில் ஒழுங்கும் உடலுறுதியுமே முதன்மை பெற்றன. அண்மைக்கால அரசுத் திட்டங்கள் உடலுறுதியை மட்டுமே வற்புறுத்தி, உடற்கல்வியின் கல்விப் பயனைப் புறக்கணிக்கின்றன என்று 1964–66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் கல்விக் குழுவும் சுட்டியது. அணிவகுப்பில் குழந்தை ஆணைக்கு அடங்கக் கற்கின்றது; விளையாட்டிலோ தானே முடிவு செய்யவும், தோழரோடு இயையவும், தோல்வியைத் தாங்கவும் கற்கின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று.

அடுத்த கட்டம் பொருள் வழங்கிய கட்டமாகும். 1987இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டம், தொடக்கப் பள்ளிக்கு இரண்டு அறைகளும் இரண்டு ஆசிரியரும் வேண்டுமென வரையறுத்து, கற்பித்தற் கருவிகளோடு விளையாட்டுப் பொருள்களையும் சேர்த்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் (2009), விளையாட்டிடத்தையும், வகுப்புதோறும் தேவைக்கேற்ற விளையாட்டுக் கருவிகளையும் பள்ளியின் இலக்கணமாகவே ஆக்கிற்று. இது பெரும் பேறே.

ஆயினும் அச்சட்டத்தின் அட்டவணையை ஊன்றி நோக்கின் ஓர் இடைவெளி புலனாகும். உடற்கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கே, அதுவும் மாணவர் நூற்றுவர்க்கு மேற்பட்டவிடத்தே, விதிக்கப்பட்டார். ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு அவர் விதிக்கப்பட்டிலர். கருவி பெற்ற சிறுகுழந்தை, அதனை ஆளக் கற்பிப்பாரைப் பெறவில்லை.

2018இல் வந்த ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் தொடக்கப் பள்ளிக்கு ஆண்டொன்றுக்கு 5,000 ரூபாயும், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாயும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரையும் விளையாட்டு மானியமாக வகுத்தது. இங்கே பள்ளியே அலகு. மாணவர் தொகை அன்று. இருபதின்மர் பயிலும் தொடக்கப் பள்ளியில் தலைக்கு 250 ரூபாய் ஆகும் அத்தொகை, இருநூற்றுவர் பயிலுமிடத்து 25 ரூபாயாகச் சுருங்கும். பந்துகள் சிலவே ஆகுமிடத்து அவை வலிய சிறுவர் கையிற் சேர்தல் இயல்பு. சிறுமியரும் மெலியோரும் மாற்றுத்திறன் உடையோரும் காண்போராய் நிற்பர்.

நொண்டி, பாண்டி, கிளித்தட்டு முதலியவற்றிற்குப் பொருட்செலவு பெரிதும் வேண்டாவே எனலாம். உண்மையே, எனினும் அவற்றிற்கும் இடமும் காலமும் மேற்பார்வையும் வேண்டும். இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்துமிடத்து விளையாட்டுப் பாடவேளையே முதலிற் பறிபோகும்.

எனவே மானியத்தை உயர்த்துதல் மட்டும் போதாது. அதனை மாணவர் தொகைக்கேற்பப் பகுத்தலும், அண்மைப் பள்ளிகள் சிலவற்றுக்குப் பொதுவாகவேனும் ஒரு பயிற்றுநரை அமர்த்தலும், தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் விளையாட்டு நடத்தும் முறைக்கு உரிய இடமளித்தலும் வேண்டும். வாங்கிய பொருளின் பட்டியல் செலவுக்குச் சான்றாகுமேயன்றிக் கல்விக்குச் சான்றாகாது. எத்தனை குழந்தைகள் விளையாடினர் என்பதே கணக்கிற் கொள்ளத்தக்க அளவை என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.