இலங்கைக் காட்டு ஓர்க்கிட்டுகளின் காப்புநிலை: ஒரு வரலாற்று நோக்கு

ஓரினம் அருகிவருகின்றது எனக் கூறுவதற்கு, முன்னர் அது எவ்வளவு பரவியிருந்தது என்பதை அறிதல் வேண்டும். எனவே காப்புநிலை மதிப்பீடு தாவரவியலாளருக்கு மாத்திரம் உரியதன்று, வரலாற்றாசிரியருக்கும் உரியது. ஏறக்குறைய 190 இனங்களைக் கொண்ட, அவற்றுள் 50இற்கு மேற்பட்டவை இத்தீவுக்கே உரியனவான இலங்கைக் காட்டு ஓர்க்கிட்டுகள் இதற்குத் தக்க சான்றாகும்.

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821இல் நிறுவப்பட்டது. அதன் பொறுப்பாளர் அலெக்சாந்தர் மூன் 1824இல் வெளியிட்டது பெரும்பாலும் பெயர்ப் பட்டியலே. 1849 முதல் 1880 வரை பூங்காவை நடத்திய துவைற்ஸ் 1858க்கும் 1864க்கும் இடையில் வெளியிட்ட நூல், ட்ரைமன் தொடங்கி ஹூக்கர் 1900இல் நிறைவுசெய்த கைந்நூல், ஜயவீர எழுதி 1981இல் வெளிவந்த ஓர்க்கிட் தொகுதி ஆகியனவே பிற்கால மதிப்பீடுகளுக்கு ஆதாரமாயின.

ஆயின், இவ்விரிவான பதிவு எக்காலத்தில் தொடங்கிற்று? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடியின் சொத்தெனக் கொண்டது. அக்காணிகள் தோட்டச் சொந்தக்காரர் கைக்கு மாறின. 1870களின் இறுதியில் கோப்பி 250,000 ஏக்கருக்கு மேல் பரவியிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைக் காக்குமாறு ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறியபோது, இடைமலைச் சரிவுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டன.

ஓர்க்கிட்டுகளிற் பல மேலொட்டிகள். மரம் வீழ்ந்தால் அவையும் வீழும். அவற்றின் தூசு போன்ற வித்தில் உணவுச் சேமிப்பு இல்லை. பங்கசின் துணையின்றி அது முளைக்காது. ஆதலால் புதிதாக நட்ட நிழல்மரம் பழைய காட்டுக்கு ஈடாவதில்லை. துவைற்ஸ் கண்டது ஏற்கெனவே சுருங்கிய காடு. அதனை ஆதிநிலையாகக் கொள்ளும் எந்த மதிப்பீடும் இழப்பைக் குறைத்தே காட்டும். மறுபுறம், நெடுங்காலம் பதிவாகாத ஓரினம் அழிந்தேவிட்டது எனவும் கொள்ளலாகாது. பூக்காத காலத்தில் பல ஓர்க்கிட்டுகளை இனங்காண்பது கடினம்.

சட்டத்தின் வரலாறும் நோக்கற்பாலது. 1855இல் துவைற்ஸ் ஓரினத்துக்குக் குடியேற்றச் செயலாளர் மக்கார்த்தியின் மனைவியின் பெயரைச் சூட்டினார். மே மாதத்தை ஒட்டிப் பூக்கும் அதனைச் சிங்கள மக்கள் வெசாக் மலர் என்றனர். 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்று அது காக்கப்பட்ட தாவரமாகும். ஆயினும் அக்கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருந்த 1970களிலேயே ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்தில் இயந்திரங்கொண்டு மரம் வெட்டப்பட்டது. மக்கள் எதிர்ப்பின் பின்னரே அது நிறுத்தப்பட்டது; 1988இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. பூப்பறிக்கும் கிராமத்தவனைச் சட்டம் எளிதிற் காண்கிறது. காட்டை விற்ற பத்திரத்தை அது குற்றமாகக் கருதியதில்லை.

2020இன் தேசிய செம்பட்டியல் போன்ற மதிப்பீடுகள் பரம்பலையும் தொகையையும் அளவிடுகின்றன. அவற்றோடு காணி விற்பனைப் பதிவேடுகளும் தோட்ட வரைபடங்களும் சேர்த்து ஆராயப்படல் வேண்டும். எஞ்சியதன் கணக்கு, இழந்ததன் கணக்கின்றி முழுமை பெறாது.