ஒரு போல்ட் உடைந்தால்... ஜபிரு இன்ஜினின் கதை

திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாய்லர் இன்ஸ்பெக்டர் சர்டிபிகேட் இல்லாமல் பாய்லரைப் பற்றவைக்கக் கூடாது என்பார்கள். 1923-லேயே போட்ட சட்டம் (2025-இல் புதுச் சட்டம் வந்தது, ஆனால் சோதனை ஒழியவில்லை!). செய்தவரும் வாங்கியவரும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னால் போதாது. மூன்றாவது ஆள் ஒருவர் பார்க்க வேண்டும்.

தரையில் நிற்கும் பாய்லருக்கே இப்படி என்றால் வானத்தில் ஓடும் இன்ஜினுக்கு?

பெரிய விமானங்களுக்குக் கெடுபிடி அதிகம்தான். குட்டி விமானங்களுக்கு அப்படியில்லை. 2004-இல் அமெரிக்கா 'லைட் ஸ்போர்ட்' என்று தனி வகுப்பே உண்டாக்கியது. இரண்டு இருக்கை, தரை விமானம் என்றால் 600 கிலோவுக்குள் எடை. தொழில்துறையே சேர்ந்து எழுதிய தரவிதிப்படி செய்திருக்கிறோம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்தால் போதும். காரணம் காஸ்டிங்தான். முழுச் சான்றிதழுக்கு ஆகும் செலவை வருடத்துக்குச் சில டஜன் விமானம் விற்கும் கம்பெனி எதன் தலையில் கட்டும்?

அப்படி ஒரு சின்னக் கம்பெனிதான் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் ஊரில் 1988-இல் தொடங்கிய ஜபிரு. முதலில் இத்தாலி இன்ஜினைப் பொருத்தினார்கள். 1991 வாக்கில் அதன் உற்பத்தி நின்றுபோனது. நூல் வரத்து நின்றதும் சொந்தமாக ஸ்பின்னிங் போடும் பனியன் கம்பெனி மாதிரி, தாங்களே இன்ஜின் செய்ய இறங்கினார்கள். எடை குறைவு, அமைப்பு எளிமை, காற்றாலேயே குளிரும். நம் பெங்களூருவில் ராஜ் ஹம்சா நிறுவனம் செய்த எக்ஸ்-ஏர் ஹனுமான் விமானத்திலும் ஜபிரு 2200 பொருத்தப்பட்டது.

சிக்கல் 'த்ரூ போல்ட்' என்னும் நீளமான போல்ட்டில். இன்ஜின் கூட்டின் இரண்டு பாதிகளையும் சிலிண்டர்களையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பது இதுதான். ஒவ்வொரு முறை சிலிண்டர் வெடிக்கும்போதும் இழுபடும். இறுக்கம் தளர்ந்தால் உலோகம் களைத்துப் போகும். ஒன்று உடைந்தால் அதன் சுமை பக்கத்துப் போல்ட்டின் மேல் ஏறும். அப்புறம் அதுவும்...

ஆஸ்திரேலிய விமானப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையமான காசா 2014 டிசம்பரில் கட்டுப்பாடு போட்டது. பகலில் மட்டும் பறக்கலாம். இன்ஜின் நின்றால் மிதந்தே ஊரைத் தாண்ட முடியாத இடத்தில் பறக்கக் கூடாது. பயணி "ஆபத்து தெரியும்" என்று கையெழுத்துப் போட வேண்டும். (கையெழுத்து எந்தப் போல்ட்டையும் இறுக்காது என்பது வேறு விஷயம்!) முதல் வரைவு இதைவிடக் கடுமை, எதிர்ப்பு வந்ததால் தளர்த்தினார்கள். கணக்கே தப்பு என்றது ஜபிரு.

கணக்கு என்ன? விபத்துகளை ஆராயும் தனி அமைப்பு 2016 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2014 வரை குட்டி விமானங்களில் 322 இன்ஜின் கோளாறுகள். ஜபிரு 130, ரோட்டக்ஸ் 87. இப்படிப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் எக்ஸ்போர்ட் பையர் ரிஜெக்ட் ஆன பீஸை மட்டுமா எண்ணுவார்? மொத்த ஆர்டரில் எத்தனை சதவீதம் என்றுதானே கேட்பார்! அப்படி வகுத்தால் ஜபிரு விமானங்களில் 10-க்கு 1, ரோட்டக்ஸில் 36-க்கு 1. ஜபிரு கோளாறுகளில் கிட்டத்தட்ட பாதி ஏதோ ஒரு பாகம் உடைந்ததால் வந்தவை. அவற்றில் முதலிடம் த்ரூ போல்ட்டுக்கே.

போல்ட்டின் கனத்தை 3/8 அங்குலத்திலிருந்து 7/16 ஆக்கியது ஜபிரு. கம்பெனி சொன்னபடியே பராமரிக்கும் இன்ஜின்களுக்கு 2016 ஜூலையில் கட்டுப்பாடு நீங்கியது.

நம் என்.சி.சி. விமானப் பிரிவுக்கும் சேர்த்து 2015-இல் ஒப்பந்தமான பிபிஸ்ட்ரல் குட்டி விமானங்களில் இருப்பது ரோட்டக்ஸ். அமெரிக்காவோ 2025-இல் வெளியிட்ட புது விதியில் அந்த 600 கிலோ வரம்பையே எடுத்துவிட்டது. தயாரிப்பாளர் தானே எழுதிக் கொடுக்கும் காகிதம் இனி நான்கு பேர் உட்காரும் விமானத்துக்கும் செல்லும்.