போக்குவரத்து மீறல் சீட்டு (ஐக்கிய அமெரிக்கா)

போக்குவரத்து மீறல் சீட்டு என்பது ஐக்கிய அமெரிக்காவில் சாலை விதியை மீறியதாகக் கருதப்படும் ஓட்டுநருக்குக் காவல் அலுவலர் வழங்கும் எழுத்து மூலமான அறிவிப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது டிக்கெட் என அழைக்கப்படுகின்றது. பலர் இதனை அபராத ரசீது என எண்ணுவர். ஆனால் சட்டப்படி இது ஒரு குற்றச்சாட்டும், குறித்த நாளுக்குள் மறுமொழி தருமாறு கோரும் அழைப்பும் ஆகும். சீட்டைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. மாறாக, அபராதத்தைச் செலுத்துவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ஒப்பாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் போக்குவரத்துச் சட்டம் மாநிலங்களின் அதிகாரத்தில் உள்ளது. எனவே மீறலின் தன்மை, அதனை விசாரிக்கும் நீதிமன்றம், பதிவுகள் வைக்கப்படும் இடம் ஆகியவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. நாடு முழுவதற்கும் பொதுவான போக்குவரத்து நீதிமன்றமோ, எல்லா வழக்குகளையும் ஓரிடத்தில் தேடக்கூடிய பட்டியலோ இல்லை.

வரலாறு

1899 மே 20 அன்று நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் ஜேக்கப் ஜெர்மன் என்ற மின்வண்டி ஓட்டுநர் மணிக்கு 12 மைல் (ஏறத்தாழ 19 கி.மீ.) வேகத்தில் சென்றதற்காக மிதிவண்டியில் வந்த காவலரால் கைது செய்யப்பட்டார். அமெரிக்காவில் வேக மீறலுக்காக நிகழ்ந்த தொடக்ககாலக் கைதுகளுள் இது பரவலாகக் குறிப்பிடப்படுவது ஆகும். 1901-இல் கனெக்டிகட் மாநிலம் மோட்டார் வாகனங்களுக்கு வேக வரம்பு விதித்தது. நகரங்களில் மணிக்கு 12 மைலும் ஊர்ப்புறச் சாலைகளில் 15 மைலும் அவ்வரம்புகளாக இருந்தன. வாகனங்கள் பெருகியபோது ஒவ்வொரு மீறலுக்கும் கைது செய்து நீதிபதி முன் நிறுத்துவது இயலாததாயிற்று. கைதுக்குப் பதிலாகச் சீட்டு வழங்கி, நீதிமன்றத்துக்கு வருவதாக வாக்குறுதி பெற்று விடுவிக்கும் முறை பரவியது. இன்றைய சீட்டிலும் அந்த வாக்குறுதியே அடிப்படையாக உள்ளது.

எனினும் கைது செய்யும் அதிகாரம் முற்றிலும் நீங்கிவிடவில்லை. டெக்சாஸில் இருக்கைப் பட்டை அணியாத குற்றத்துக்கு உயர்ந்த அளவு தண்டனை 50 டாலர் அபராதம் மட்டுமே என்றிருந்தபோதும், அதற்காகக் கைது செய்தது அரசியலமைப்புக்கு முரணானது அன்று என 2001-இல் அட்வாட்டர் எதிர் லாகோ விஸ்டா நகரம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மீறல்களின் வகைகள்

ஒரே மாதிரியான தாளில் எழுதப்பட்டாலும் எல்லாச் சீட்டுகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. அவற்றைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. குடிமுறை மீறல்: புளோரிடா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் சிறு வேக மீறல் குற்றமாகக் கருதப்படுவதில்லை. இதற்குச் சிறைத் தண்டனை இல்லை.

2. சிறு மீறல்: கலிபோர்னியாவில் பெரும்பாலான சாலை மீறல்கள் இவ்வகையின. இதற்கும் சிறை இல்லை. ஜூரி விசாரணையோ அரசு செலவில் வழக்கறிஞரோ கிடையாது. ஆயினும் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட வேண்டும்.

3. குற்றவியல் குற்றம்: மது அருந்தி ஓட்டுதல், விபத்துக்குப் பின் தப்பிச் செல்லுதல் முதலியன இதில் அடங்கும். வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலுக்கு (ஏறத்தாழ 137 கி.மீ.) மேல் ஓட்டுவது பொறுப்பற்ற ஓட்டுதல் என்ற குற்றமாகும். அதற்கு 12 மாதங்கள் வரை சிறையும் 2,500 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம்.

4. வாகன உரிமையாளர் மீதான மீறல்: நியூயார்க் நகரில் சிவப்பு விளக்கு நிழற்படக் கருவி பதிவு செய்யும் மீறலுக்கு உரிமையாளர் 50 டாலர் செலுத்த வேண்டும். இதற்கு ஓட்டுநர் பதிவில் புள்ளிகள் சேர்வதில்லை.

ஆகவே சீட்டில் குறிக்கப்பட்டுள்ள சட்டப் பிரிவு எண்ணைப் பார்த்து, மீறல் எவ்வகையைச் சேர்ந்தது என அறிந்துகொள்வது முதற் படியாகும்.

விசாரிக்கும் நீதிமன்றங்கள்

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் உள்ள சுப்பீரியர் நீதிமன்றம் போக்குவரத்து வழக்குகளை விசாரிக்கின்றது. வர்ஜீனியாவில் இப்பணியைப் பொது மாவட்ட நீதிமன்றங்கள் செய்கின்றன. டெக்சாஸில் நகர எல்லைக்குள் வழங்கப்படும் சீட்டுகள் பொதுவாக நகராட்சி நீதிமன்றத்துக்கும், மற்றவை அமைதி நீதிபதியின் நீதிமன்றத்துக்கும் செல்கின்றன. அங்கு சாதாரணச் சாலை மீறலுக்கும் ஜூரி விசாரணை கோரலாம்.

நியூயார்க் மாநிலத்தில் இரு வேறு முறைகள் உள்ளன. நியூயார்க் நகரின் ஐந்து பகுதிகளில் ஓடும் வாகனம் தொடர்பான மீறல்களைப் போக்குவரத்து மீறல் பணியகம் விசாரிக்கின்றது. இது நீதிமன்றம் அன்று. மாநில மோட்டார் வாகனத் துறையின் ஒரு பிரிவு ஆகும். இங்கு குற்றச்சாட்டைக் குறைத்துக்கொள்ளப் பேரம் பேச இடமில்லை. நகருக்கு வெளியே ஏறத்தாழ 1,200 ஊர் நீதிமன்றங்கள் உள்ளன. அவற்றின் நீதிபதிகளுள் பலர் வழக்கறிஞர் அல்லர். நகரின் வாகன நிறுத்த மீறல்களோ நிதித் துறையைச் சேர்ந்தவை.

தேசியப் பூங்காக்கள், படைத் தளங்கள் முதலிய கூட்டரசு நிலங்களில் வழங்கப்படும் சீட்டுகள் மத்திய மீறல் பணியகத்தின் வழியாகக் கூட்டரசு நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன.

பதிவுகளைக் கண்டறிதல்

சீட்டைத் தொலைத்தவர், பழைய வழக்கு முடிந்ததா என அறிய விரும்புபவர், வேலைக்காகச் சான்று தேவைப்படுபவர் ஆகியோர் நீதிமன்றப் பதிவுகளைத் தேட வேண்டியிருக்கும். இதற்கு மூன்று விவரங்கள் அடிப்படையானவை: மீறல் நிகழ்ந்த இடம், ஏறத்தாழ அது நிகழ்ந்த நாள், சீட்டை வழங்கிய அமைப்பு. நகரக் காவல் துறை, கவுண்டி ஷெரிப், மாநில நெடுஞ்சாலைக் காவல் ஆகியவற்றுள் எது சீட்டை வழங்கியது எனத் தெரிந்தால் நீதிமன்றத்தைக் கண்டறிவது எளிதாகும். ஓட்டுநர் வாழும் ஊரை அன்றி, மீறல் நிகழ்ந்த ஊரைக் கொண்டே நீதிமன்றம் தீர்மானிக்கப்படுகின்றது.

நீதிமன்றம் தெரிந்த பின் அதன் அதிகாரப்பூர்வ இணையத்தளத்தில் சீட்டு எண், ஓட்டுநர் உரிம எண், பெயரும் பிறந்த தேதியும் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு தேடலாம். சீட்டு வழங்கப்பட்ட உடனேயே வழக்கு பதிவேட்டில் ஏறுவதில்லை. காவல் துறை அதனை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். எனவே தேடலில் வழக்கு காணப்படாதது, வழக்கு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. இத்தகைய நிலையில் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தை நேரிலோ தொலைபேசியிலோ அணுக வேண்டும்.

சிறிய ஊர் நீதிமன்றங்கள் சிலவற்றின் பதிவுகள் இணையத்தில் இல்லை. அங்கு எழுத்தரிடமே கேட்டுப் பெற வேண்டும். தீர்ப்பின் சான்றளிக்கப்பட்ட நகலுக்குப் பொதுவாகக் கட்டணம் உண்டு. பழைய பதிவுகள் சட்டம் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்படுவதால், வழக்கு முடிந்ததும் நகலைப் பெற்றுப் பாதுகாப்பது பிற்காலத்தில் உதவும். கட்டணம் பெற்றுப் பதிவுகளைத் தேடித் தரும் தனியார் தளங்களின் தரவுகள் காலாவதியானவையாக இருக்கலாம்.

நீதிமன்றப் பதிவும் ஓட்டுநர் பதிவும்

இவை இரண்டும் வெவ்வேறானவை. நீதிமன்றப் பதிவில் குற்றச்சாட்டு, விசாரணை நாட்கள், தீர்ப்பு, செலுத்திய தொகை ஆகியவை இருக்கும். ஓட்டுநர் பதிவு மாநில மோட்டார் வாகனத் துறையால் பேணப்படுவது. அதில் தீர்ப்பின் விளைவும் அதற்குரிய புள்ளிகளும் இடம்பெறும். காப்பீட்டு நிறுவனங்கள் ஓட்டுநர் பதிவையே பெரிதும் நோக்குகின்றன.

கலிபோர்னியாவில் பெரும்பாலான ஓடும் வாகன மீறல்களுக்கு 1 புள்ளியும், மது அருந்தி ஓட்டுதல் போன்றவற்றுக்கு 2 புள்ளிகளும் சேர்கின்றன. 12 மாதங்களில் 4, 24 மாதங்களில் 6 அல்லது 36 மாதங்களில் 8 புள்ளிகள் சேர்ந்தால் உரிமத்தை நிறுத்தி வைக்கும் நடவடிக்கை தொடங்கக்கூடும்.

நீதிமன்றப் பதிவுகள் பொதுவாக எவரும் பார்க்கக்கூடியவை. மோட்டார் வாகனத் துறையிடம் உள்ள முகவரி முதலிய தனி விவரங்கள் அவ்வாறு அல்ல. 1989-இல் நடிகை ரெபெக்கா ஷேஃபர் கொல்லப்பட்டார். கொலையாளி அவரது முகவரியைத் துப்பறிவாளர் ஒருவர் மூலம் மோட்டார் வாகனத் துறைப் பதிவிலிருந்து பெற்றிருந்தான். இத்தகைய நிகழ்வுகளின் விளைவாக 1994-இல் ஓட்டுநர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் ஓட்டுநர் செய்த மீறல்கள், விபத்துகள், உரிமத்தின் நிலை ஆகியவை இச்சட்டம் காக்கும் தனி விவரங்களில் அடங்கா.

சீட்டுக்கு மறுமொழி அளித்தல்

சீட்டுப் பெற்றவருக்குப் பொதுவாகப் பின்வரும் வழிகள் உள்ளன.

1. அபராதத்தைச் செலுத்தி வழக்கை முடித்தல். கலிபோர்னியாவில் வேக வரம்பை 15 மைல் வரை மீறியதற்கு அடிப்படை அபராதம் 35 டாலர் மட்டுமே. மாநில, கவுண்டிச் சேர்க்கைகளுடன் அது 200 டாலரைக் கடந்துவிடும்.

2. திருத்தச் சான்று காட்டுதல். எரியாத விளக்கு, காலாவதியான வாகனப் பதிவு போன்றவற்றைச் சரிசெய்து சான்று காட்டினால் பல இடங்களில் சிறு கட்டணத்துடன் வழக்கு முடிக்கப்படும்.

3. போக்குவரத்துப் பள்ளியில் பயிலுதல். கலிபோர்னியாவில் தகுதியுடையோர் 18 மாதங்களுக்கு ஒரு முறை இவ்வழியைப் பயன்படுத்தலாம். அபராதமும் கட்டணமும் செலுத்த வேண்டும். ஆனால் அந்தப் புள்ளி காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரியாது. வணிக வாகன உரிமம் உடையோரின் மீறல்களைப் பதிவிலிருந்து மறைப்பதைக் கூட்டரசு விதிகள் தடை செய்கின்றன.

4. குற்றச்சாட்டை மறுத்து விசாரணை கோருதல். சீட்டு வழங்கிய அலுவலர் சாட்சியம் அளிப்பார். ஓட்டுநர் அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நிழற்படம், வரைபடம் முதலிய சான்றுகளை முன்வைக்கலாம்.

கலிபோர்னியாவில் சிறு மீறல்களுக்கு எழுத்து மூல விசாரணை என்ற முறையும் உண்டு. ஓட்டுநர் அபராதத்துக்கு ஈடான தொகையை முன்கூட்டிச் செலுத்தித் தன் கூற்றை எழுதி அனுப்புவார். அலுவலரும் எழுத்து மூலம் அறிக்கை தருவார். ஓட்டுநர் வென்றால் தொகை திரும்பக் கிடைக்கும். தோற்றால் 20 நாட்களுக்குள் நேரடியான புதிய விசாரணை கோரலாம். தொலைவில் வாழ்வோருக்கும் வேலையிலிருந்து விடுப்பு எடுக்க இயலாதோருக்கும் இம்முறை பயன்படுகின்றது.

மறுமொழி அளிக்காததன் விளைவுகள்

சீட்டைப் பொருட்படுத்தாமல் விடுவதே பெரும் இன்னலுக்குக் காரணமாகின்றது. கலிபோர்னியாவில், வருவதாக அளித்த வாக்குறுதியை வேண்டுமென்றே மீறுவது தனிக் குற்றமாகும். மூல மீறலுக்குச் சிறை இல்லாதபோதும் இக்குற்றத்துக்குச் சிறைத் தண்டனை உண்டு. நீதிமன்றம் நினைவூட்டல் அறிவிப்பை அஞ்சலில் அனுப்புவது வழக்கம். அது கிடைக்கவில்லை என்பது காரணமாக ஏற்கப்படுவதில்லை. எனவே முகவரி மாறியவர் அதனை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

மிசூரி மாநிலத்தின் பெர்குசன் நகரம் இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு ஆகும். ஏறத்தாழ 21,000 மக்கள் வாழ்ந்த அந்நகரின் நீதிமன்றம் 2013-இல் மட்டும் 9,000-க்கும் மேற்பட்ட பிடியாணைகளைப் பிறப்பித்ததாக நீதித் துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கூறியது. அவற்றுள் பெரும்பாலானவை சிறு மீறல்களிலிருந்து எழுந்தவை. 2007-இல் ஒரே ஒரு முறை வாகனத்தைத் தவறாக நிறுத்திய பெண் ஒருவரின் நிலையை அவ்வறிக்கை விவரிக்கின்றது. அவருக்கு விதிக்கப்பட்டது 151 டாலரும் கட்டணங்களும் ஆகும். தவணைகளைத் தவறவிட்டதால் அவர் இரு முறை கைது செய்யப்பட்டு ஆறு நாட்கள் சிறையில் இருந்தார். 550 டாலர் செலுத்திய பின்னும் 541 டாலர் பாக்கி இருந்தது. பகுதித் தொகையாக 25, 50 டாலர் செலுத்த அவர் முயன்றபோது நீதிமன்றம் அதனை ஏற்காமல் திருப்பி அனுப்பியிருந்தது.

செலுத்த இயலாதோர்

பணம் இல்லாத காரணத்தால் மட்டும் அபராதத்தைச் சிறைத் தண்டனையாக மாற்றக்கூடாது என 1971-இல் டேட் எதிர் ஷார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸில் 425 டாலர் போக்குவரத்து அபராதத்தைச் செலுத்த இயலாத ஒருவர், நாளுக்கு 5 டாலர் வீதம் 85 நாட்கள் சிறையில் கழிக்க வேண்டும் என உத்தரவிடப்பட்டதே அவ்வழக்கு. சிறைப்படுத்தும் முன், செலுத்தாததற்கான காரணத்தை நீதிமன்றம் ஆராய வேண்டும் என 1983-இல் பியர்டன் எதிர் ஜார்ஜியா வழக்கின் தீர்ப்பு கூறியது.

2017-இல் கலிபோர்னியா, அபராதம் செலுத்தாததற்காக மட்டும் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தி வைப்பதைக் கைவிட்டது. தவறியோர் மீது கூடுதலாக விதிக்கப்பட்டு வந்த 300 டாலர் வரையிலான தொகை 2022-இல் 100 டாலராகக் குறைக்கப்பட்டது. வருமானம் குறைந்தோர் அபராதக் குறைப்பு, தவணை, கூடுதல் அவகாசம், சமூகப் பணி ஆகியவற்றைக் கோரலாம். இச்சலுகைகள் தாமாகக் கிடைப்பதில்லை. குறித்த நாளுக்கு முன்பே நீதிமன்றத்தை அணுகிக் கேட்போருக்கு இவை பெரிதும் பயன்படுகின்றன.

போலி அறிவிப்புகள்

செலுத்தப்படாத சீட்டு உள்ளதாகக் கூறிக் குறுஞ்செய்தி அனுப்பிப் பணம் பறிக்கும் மோசடிகளும் நிகழ்கின்றன. பரிசு அட்டை மூலம் பணம் கேட்பதும் உடனே செலுத்தாவிடில் கைது என அச்சுறுத்துவதும் மோசடியின் அடையாளங்கள் ஆகும். செய்தியில் உள்ள இணைப்பைத் திறக்காமல், நீதிமன்றத்தின் சொந்தப் பதிவில் சீட்டு எண்ணைக் கொண்டு சரிபார்ப்பதே பாதுகாப்பான வழியாகும்.